சேர்க்கலாமா, சேர்த்தீர்களா?

பெரிய மருத்துவமனையில் கீமோ ஏற்றிக்கொள்ளும் புற்றுநோயாளிகூட, மனத்தில் கிடக்கும் சந்தேகத்தைப் பல நேரம் தம் குடும்ப மருத்துவரிடம் கொண்டுபோகிறார். ஜெர்மனியிலும் தமிழ்நாட்டிலும் இது பொது. ஆனால் கீமோவோடு வேறு மருத்துவத்தையும் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தால், கேள்வி கேட்பவரே மாறிவிடுகிறார். அங்கே நோயாளி கேட்கிறார்: சேர்க்கலாமா? இங்கே மருத்துவர் கேட்கிறார்: சேர்த்தீர்களா?

இந்த வேறுபாட்டுக்கு மக்களின் குணத்தைவிடச் சட்டமே முதற்காரணம். 1976ஆம் ஆண்டின் ஜெர்மன் மருந்துச் சட்டம் மூலிகை மருத்துவம், ஹோமியோபதி, ஆந்த்ரோபோசபி என்னும் ஆன்மிகத் தத்துவம் சார்ந்த மருத்துவம் ஆகியவற்றுக்குத் தனி இடம் கொடுத்தது. நவீன மருத்துவம் படித்தவரே இயற்கை மருத்துவத்தில் கூடுதல் தகுதி பெறலாம். புல்லுருவிச் சாற்றை ஊசி மருந்தாக எழுதித் தரலாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை வயிற்றுத் தோலுக்கடியில் நோயாளி தாமே போட்டுக்கொள்ளும் ஊசி அது. குணப்படுத்த முடியாத கட்டத்தில் அதற்கான செலவைப் பொது மருத்துவக் காப்பீடும் ஏற்கிறது.

இந்தியாவிலோ, ஒரு முறையில் பதிவு பெற்றவர் மற்றொரு முறையில் வைத்தியம் செய்வது தவறு என்பதை 1996இல் பூனம் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சித்த மருத்துவர் புற்றுக்குத் தரும் ரசகந்தி மெழுகை எம்.பி.பி.எஸ். மருத்துவர் எழுதித் தர முடியாது. எனினும் பல அரசு மருத்துவமனைகளின் வளாகத்திலேயே சித்தா பிரிவு இருக்கிறது. நோயாளி இரண்டு இடத்துக்கும் போகிறார். ஓரிடத்துச் சீட்டை மற்றோரிடத்தில் பல நேரம் காட்டுவதில்லை.

அப்படியானால் ஜெர்மன் வழிதான் மேல் என்று தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றும். சற்றுப் பொறுக்கலாம். புல்லுருவி ஆயுளை நீட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் மருத்துவரே எழுதித் தரும்போது, அதற்கு நிரூபணமான மருந்தின் மதிப்பு வந்துவிடுகிறது. தமிழ்நாட்டு மௌனத்தின் கேடு வேறு வகை. இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் ஏறியிருந்தால், காரணம் கீமோவா கஷாயமா என்று புற்றுநோய் நிபுணருக்குத் தெரியாது. கீமோவைத் தள்ளிப்போட நேர்கிறது. சிஸ்பிளாட்டின் ஏறும் உடம்பில் சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்படுகிறது. ரசகந்தி மெழுகு போன்ற பாதரச மருந்து சரியாகச் சுத்தி செய்யப்படாமல் அதோடு சேர்ந்தால் சுமை இரட்டிக்கிறது. அங்கே மருந்துக்குத் தகுதிக்கு மேல் நம்பிக்கை கிடைக்கிறது. இங்கே மருத்துவருக்குத் தேவையான செய்தி கிடைக்காமல் போகிறது.

இவ்வளவு வேறுபட்ட இரு மருத்துவர் அறைகளிலும் ஒரே வாதம் ஒலிப்பதுதான் வியப்பு: செடியிலிருந்து வந்தது என்ன கெடுதல் செய்துவிடும்? அதற்கான பதிலும் இரு நாட்டு மண்ணிலும் முளைத்திருக்கிறது. நம் ஊர் நித்யகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் வருகிறது; ஜெர்மன் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து டோசிடாக்செல் தயாராகிறது. இரண்டும் கீமோ மருந்துகள். இரண்டும் நரம்பை மரத்துப்போகச் செய்யக்கூடியவை. நோயாளி அஞ்சும் பாட்டிலிலும் செடி இருக்கிறது, நம்பும் குவளையிலும் செடி இருக்கிறது.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. 'வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?' என்று பொதுவாகக் கேட்டால், இரு இடத்திலும் 'இல்லை' என்ற பதில் வரலாம். அதில் பொய்யும் இருக்காது. மனச்சோர்வுக்குக் கடையில் வாங்கிய செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டை ஜெர்மன் நோயாளி மருந்துக் கணக்கில் வைக்காமல் இருக்கலாம். அந்த மூலிகையோ ஈரலின் நொதிகளைத் தூண்டி, இரினோடீகான் என்ற கீமோ மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். நம் வீடுகளில் முள் சீத்தா இலைக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் உணவுக் கணக்கு. போதாக்குறைக்கு, இங்கே பதில் சொல்பவர் பல நேரம் நோயாளியே அல்லர். கூட வந்த மகனோ மருமகளோ.

புற்றுநோயில் துணை மருத்துவம் பற்றி 2021இல் வெளியான ஜெர்மன் வழிகாட்டி நெறி, நோயாளியிடம் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும், பிறகும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்கிறது. வெளிப்படையாகப் பேச வழியுள்ள நாட்டுக்கே இந்த நினைவூட்டல் தேவைப்பட்டிருக்கிறது. 'கண்டதையும் சாப்பிடாதீங்க' என்ற அதட்டல் பழகிய அறைக்கு அது இன்னும் தேவை. 'கஷாயம், லேகியம், சூரணம் எதுவா இருந்தாலும் அடுத்த தடவை டப்பாவோட எடுத்துட்டு வாங்கம்மா' என்று கேட்க எந்தச் சட்டமும் தடையில்லை. பிற முறை மருந்தை எழுதித் தரும் உரிமை இருவரில் ஜெர்மன் மருத்துவருக்கு மட்டுமே உண்டு. பெயர், அளவு, நாள் கேட்டு, நிபுணரின் சீட்டோடு ஒப்பிடும் கடமை இருவருக்கும் உண்டு. நோயாளியின் உயிருக்கு இவற்றில் அதிகம் உதவுவது அந்தக் கடமைதான்.