வடஆர்க்காட்டுக் கஞ்சாவும் 1894-ஆம் ஆண்டு அறிக்கையும்

கஞ்சாச் செடிக்குச் சித்த மருத்துவ மரபில் வழங்கும் பெயர்களுள் கோரக்கர் மூலி, சித்தமூலி, ஞானமூலி என்பன சில. இப்பெயர்களைச் சான்றாகக் காட்டி இச்செடி தீங்கற்றதென நிறுவ முயல்வார் இந்நாளில் உளர். அவர் காட்டும் பிறிதொரு சான்று, ஆங்கில அரசு அமைத்த இந்தியக் கஞ்சா ஆணையத்தின் 1894-ஆம் ஆண்டு அறிக்கை. இவ்விரு சான்றும் எவ்வளவு பொருளைத் தாங்கவல்லன என்பது ஈண்டு ஆராயப்படும்.

திருத்தணிகைப் பகுதியின் பழஞ்செய்தி தேடுவார் முதற்கண் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்த தணிகை, ஆணையம் உசாவிய காலத்தில் வடஆர்க்காட்டுக் கார்வேட்டிநகர ஜமீனில் அடங்கியிருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டத்தொடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாளன்றே சென்னை மாநிலத்தை அடைந்தது. எனவே அக்காலச் செய்திகளை வடஆர்க்காட்டு ஆவணங்களிலேயே காணல் வேண்டும். அம்மாவட்டத்துச் சவ்வாது மலையிற்றான் அரசின் மேற்பார்வையில் கஞ்சா பயிரிடப்பட்டது. இன்றோ ஆந்திரத்துக் கிழக்குமலைச் சரிவுகளிலிருந்து களவாக வருவதைத் தடுக்க, இரேணிகுண்டா–அரக்கோணம் இருப்புப்பாதையிலமைந்த இவ்வெல்லைப் பகுதியில் காவலர் சோதனை நிகழ்கின்றது. விளைநிலமும் வழியும் மாறின, வினா மாறவில்லை.

கஞ்சா மனத்தைச் சிதைக்கின்றதா என்பதே அவ்வினா. ஆங்கிலப் பாராளுமன்றத்தில் எழுந்த ஒரு கேள்வியின் விளைவாக 1893-இல் எழுவர் கொண்ட ஆணையம் அமைந்தது. அவருள் மூவர் இந்தியர். 1,193 பேரிடம் சான்று பெற்றனர். ஆயினும் அவர்தம் பணியுள் தலைசிறந்தது சான்று திரட்டியதன்று, மனநோய் இல்லங்களின் பதிவேடுகளைத் துருவிப் பார்த்ததேயாம். 1892-இல் அவ்வில்லங்களிற் சேர்ந்தோர் 1,344 பேர். அவருள் 222 பேருக்கு நோய்க்காரணம் கஞ்சா முதலிய பொருள்கள் என எழுதப்பட்டிருந்தது. அக்காரணம் பலவிடத்தும் மருத்துவர் ஆய்ந்து கண்டதன்று; நோயாளியைக் கொணர்ந்த காவலர் சொல்லியதை ஏட்டில் ஏற்றியதேயாகும். ஒருவன் என்றேனும் கஞ்சா புகைத்தான் எனத் தெரிந்தால் அதுவே காரணமாயிற்று. இத்தகையவற்றைக் கழித்தபின் எஞ்சியோர் 98 பேர். வேறு காரணம் கலவாது கஞ்சாவே காரணமாகக் கொள்ளத்தக்கோர் 61 பேர். பதிவேட்டை நம்பி வரலாறு எழுதுவார்க்கு இதனினும் தெளிவான பாடம் அரிது.

அறிக்கையின் முடிபு யாது? மிதமாகக் கொள்வார்க்குப் பெரும்பாலும் தீங்கில்லை. மிகக் கொள்வார்க்குத் தீங்குண்டு. முற்றத் தடுத்தல் வேண்டா, வரியாலும் கட்டுப்பாட்டாலும் குறைத்தலே தக்கது என்பது. இவற்றுள் முற்பகுதியை மட்டும் எடுத்தோதுவார் 98 என்னும் எண்ணை மறந்துவிடுகின்றனர். மேலும், போதை தரும் கூறாகிய டெட்ராஹைட்ரோகன்னாபினால் 1964-இல் இசுரேலில் கவோனி, மெக்கூலம் ஆகியோரால் தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு எழுபதாண்டு முன்னர் ‘மிதம்’ என்பதனை எதனைக் கொண்டு அளந்திருத்தல் கூடும்? அஃது எடையாலோ வீரியத்தாலோ வரையறுக்கப்பட்டதன்று. கண்ணுக்குக் கேடு தோன்றாமையையே மிதம் எனக் கொண்டால், மிதம் கேடு செய்யாது என்பது கூறியது கூறலாய் முடியும்.

பிற்கால ஆய்வுகள் இதனை வலியுறுத்துகின்றன. சுவீடன் நாட்டில் படைக்கு அழைக்கப்பெற்ற 45,570 இளைஞரைப் பதினைந்தாண்டு தொடர்ந்த ஆய்வு 1987-இல் வெளிவந்தது. ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா கொண்டோரிடை மனச்சிதைவு நோய், கொள்ளாதோரினும் ஆறு மடங்கு காணப்பட்டது. பிற காரணங்களைக் கணக்கிட்டால் இவ்வேறுபாடு குறையும் என்பதும் உண்மையே. எனினும் வளரிளம் பருவமும் குடும்பத்து மனநோய் வரலாறும் உடையாரிடத்து இடர் மிகுதல் இன்று பரவலாக ஒப்புக்கொள்ளப்படுகின்றது.

பயன் இல்லையோ எனின், உண்டு. 1839-இல் கல்கத்தாவில் ஓஷாகனெசி என்னும் மருத்துவர் ஒரு குழந்தையின் வலிப்புக்கு இதனைக் கொடுத்துப் பயன் கண்டதாக எழுதினார். போதை தராத கன்னாபிடியால் என்னும் கூறு, அரிய குழந்தைப்பருவ வலிப்பு நோய்கள் இரண்டிற்கு மருந்தென 2018-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. பழைய பட்டறிவு ஒன்று நூற்றெழுபத்தொன்பது ஆண்டு கழித்து நிறுவப்பெற்றது. ஆயின் செடி முழுமையும் அன்று, அதனின்று தூய்மை செய்து அளவறிந்த ஒரு கூறு மட்டுமே.

சித்தர் மரபும் இதனின் வேறன்று. மூலிப் பெயரை ஓதுவோர், அம்மரபு நச்சுச் சரக்குகளுக்குச் சுத்திமுறையும் அளவும் துணைமருந்தும் வகுத்திருத்தலை ஓதுவதில்லை. பெயர் புகழ்ச்சியாயின் சுத்தி எச்சரிக்கை. சித்த மருந்துகளுக்குரிய அரசு விதிகளின் நச்சுப்பொருட் பட்டியலிலும் கஞ்சா இடம்பெற்றுள்ளது.

1985-ஆம் ஆண்டுச் சட்டம் பூந்தலைகளையும் பிசினையும் தடுத்து, பூந்தலையொடு சேராத இலையை விலக்கி, மருத்துவத்திற்கும் ஆய்விற்கும் உரிமம்வழி இடம் வைத்தது. 2020 டிசம்பர் 2 அன்று ஐக்கிய நாடுகள் ஆணையம், 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலினின்று கஞ்சாவை நீக்கிற்று. இந்தியா உட்பட 27 நாடுகள் நீக்கத்தை ஆதரித்தன, 25 எதிர்த்தன. முதற் பட்டியலில் அது நீடித்தது.