எவரெஸ்ட்டின் உயரம் பிறந்த கதை

எவரெஸ்ட்டின் உயரத்தை முதன்முதலில் கணக்கிட்டவர்கள் யாரும் அதன் மேல் கால் வைத்ததில்லை. நூறு மைலுக்கு அப்பால் நின்றுதான் அளந்தார்கள். அந்தக் கணக்கு தொடங்கிய இடம் நம் பரங்கிமலை.

1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் அங்கிருந்து பெரும்பாக்கம் பக்கமாக ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பித்தார். கருவி, நூறு அடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும். ஒரு டிகிரி செல்சியஸ் பிசகினால் மொத்த நீளத்தில் ஐந்தரை அங்குலம் தப்பிவிடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, சித்திரை வெயிலில் 57 நாள் அளந்தார்கள். இவ்வளவு பாடு எதற்கு? முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்றப் பக்கங்கள் கணக்கிலேயே கிடைத்துவிடும். அந்தப் பக்கத்தின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் இன்னொன்று. முதல் கோட்டில் பிழை இருந்தால் இமயம் வரை அது கூடவே வரும்.

கோணம் அளக்க அரை டன் எடையுள்ள தியோடலைட் இருந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் ஆறு வாரம் உட்கார்ந்து தாமே அதைச் சரிசெய்தார். 1823இல் பணியிலேயே இறந்தார். அவருக்குப் பின் அளவைக்குத் தலைமை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்ட்டும் ஆண்ட்ரூ வாவும் முக்கோணங்களை வடக்கே கொண்டுபோனார்கள். இமய அடிவாரத் தராய்க் காட்டு மலேரியாவில் செத்த கூலியாட்களும் அளவையாளர்களும் பலர்.

உயரம் அறிய வேறு வழிகளும் அப்போதே உண்டு. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். பாதரச பாரமானி அதைக் காட்டும். தண்ணீர் கொதிக்கும் சூடும் ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் இறங்கும். ஆனால் இரண்டுக்கும் உச்சிக்குப் போயாக வேண்டும். நேபாளமோ அன்னியரை உள்ளே விடவில்லை.

ஆகவே 1849, 1850இல் இந்தியச் சமவெளியின் ஆறு இடங்களிலிருந்து 'சிகரம் 15' என்று எண்ணிட்ட மலையைப் பார்த்துக் கோணம் எடுத்தார்கள். கல்கத்தாவில் தலைமைக் கணக்கீட்டாளராக இருந்த ராதாநாத் சிக்தாரின் வேலை அதன் பிறகுதான். அவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவே மலையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் மறைத்துவிடும். காற்றில் ஒளி வளைவதால் சிகரம் நூற்றுக்கணக்கான அடி உயர்ந்தும் தெரியும். இரண்டையும் கழித்துக் கூட்டியதில் ஆறு விடைகளும் சில பத்து அடிகளே வேறுபட்டன. சராசரி 29,002 அடி. 1856இல் உலகம் அதை அறிந்தது. 2020இல் நேபாளமும் சீனாவும், உச்சியில் செயற்கைக்கோள் கருவி வைத்து அளந்து, 8,848.86 மீட்டர் என்று சேர்ந்து அறிவித்தன. பழைய கணக்கு அதிலிருந்து ஒன்பது மீட்டர்தான் குறைவு!

செயற்கைக்கோள் வந்தும் ஒரு சிக்கல் தீரவில்லை. எங்கிருந்து அளப்பது? மலைக்கு அடியில் கடல் இல்லை. இருந்தால் எந்த மட்டத்தில் நிற்கும் என்று புவியீர்ப்பை அளந்துதான் சொல்ல வேண்டும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்பொராசோ எவரெஸ்ட்டை முந்திவிடும், நிலநடுக்கோட்டில் பூமி புடைத்திருப்பதால். அடிவாரத்திலிருந்து அளந்தால் கடலுக்குள் வேரூன்றிய ஹவாயின் மௌனா கியாதான் உயரம்.

ஜார்ஜ் எவரெஸ்ட் மலைக்குத் தம் பெயரைச் சூட்டுவதை ஆட்சேபித்தவர். இருந்தும் 1865இல் சூட்டிவிட்டார்கள். சிக்தாருக்கோ இந்திய அஞ்சல் துறை 2004இல் வெளியிட்ட ஒரு தபால்தலைதான் கிடைத்தது. பிள்ளைகளுக்கு 8,848 என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் ராதாநாத் சிக்தார் என்ற பெயரையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.