கேப் விடாத இசை

டிஸ்கோ என்றாலே நம் முற்போக்கு விமர்சகர்கள் 'சீரழிவுக் கலாச்சாரம்' என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். ஆடினது யார், ஏன் நிற்காமல் ஆடினார்கள் என்கிற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில், ஏதோ சொல்தா வீட்டிலிருந்து கழித்துப் போட்ட தட்டுகளுக்கு நடுவே குளோரியா கேய்னரின் 1975ஆம் வருட இசைத்தட்டு எனக்குக் கிடைத்தது. முதல் பக்கத்தில் மூன்று பாட்டு. இடையில் மௌனம் கிடையாது, சுமார் 19 நிமிடம் ஒரே ஓட்டம். கோத்தவர் டாம் மோல்ட்டன். நியூயார்க்கை ஒட்டிய ஃபயர் தீவில், பாட்டு முடிந்ததும் ஆடுகிறவர்கள் கலைந்து போவதைக் கவனித்தவர் அவர். நாடாவை வெட்டி ஒட்டி, ஒரு பாட்டின் தாளம் அடங்குமுன் அடுத்ததை நுழைத்தார். அதே 1975இல் பலர் பாட்டுகளை ஆட்டத்துக்காக நீட்டி 'டிஸ்கோ கோல்ட்' என்ற தொகுப்பும் செய்தார்.

இதை வெறும் தொழில்நுட்ப வரலாறாக எழுதுவது பம்மாத்து. அந்தத் தளங்களை நிரப்பியவர்கள் கறுப்பர்கள், லத்தீனோக்கள், ஒருபால் விழைவோர். ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினால் போலீஸ் நுழைந்த ஊர் அது. 1969இல் ஸ்டோன்வால் விடுதியில் திருப்பி அடித்தார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலான மௌனத்தில்தான் பக்கத்தில் நிற்கிற உடல் யாருடையது என்ற விசாரணை தொடங்குகிறது. அந்த மௌனத்தை அடைத்ததை அதிகாரம் மன்னிக்கவில்லை. 1979 ஜூலை 12, சிகாகோ மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். டிஸ்கோவே அல்லாத கறுப்பர் தட்டுகளும் அதில் வந்து சேர்ந்ததாக, அங்கே வேலை பார்த்த கறுப்பு இளைஞர் வின்ஸ் லாரன்ஸ் பின்னாளில் சொன்னார்.

நம்மூருக்கு வருவோம். 1980களில் ரெக்கார்டிங் சென்டரில் துண்டுச் சீட்டோடு, 90 நிமிட கேசட்டோடு நிற்போம். கல்யாண ஊர்வலத்துக்கு என்றால் "அண்ணே, நடுவுல கேப் விடாதீங்க" என்போம். அவர் பாஸ் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு கடைசி அடிக்காகக் காத்திருப்பார். கேப் விழுந்தால் பெருசு ஒன்று "போதும், நிறுத்துங்கடா" என்று வந்துவிடும். சேரிப் பையன்கள் ஊர்த்தெரு முனையில் ஆடும்போது அந்த கேப் இன்னும் ஆபத்து.

பறையும் நிற்காத இசைதான். ஒருத்தர் தோலைக் காய்ச்சப் போனாலும் மற்றவர் அடியை விடமாட்டார். ஆனால் எப்ப அடிக்கணும், எப்ப நிறுத்தணும் என்பதை ஊர் சொன்னது. கேசட்டை அப்படி ஏவ முடியவில்லை. ஏவல் குறைந்தது; அடித்தவரின் கூலியும் குறைந்தது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடத்தில் தீர்ந்துவிடும். திருப்பிப் போட சவுண்ட் சர்வீஸ் பெட்டி பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தியிருப்பார்கள். அவன் மட்டும் ஆடமாட்டான்.