தேம்ஸ் கரையில் ஒரு நடை: லண்டனின் பழைய துறைமுகமும் எங்கள் ஊர்ச் சரக்கும்

லைம்ஹவுஸ், வெஸ்ற் இந்தியா கீ, ஈஸ்ற் இந்தியா. லண்டனில் வளரும் எமது பிள்ளைகளுக்கு இவை டி.எல்.ஆர் தொடருந்து நிற்கும் இடங்களின் பெயர்கள். அந்தத் தொடருந்து ஓடும் நிலம் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் சீனி, இந்தியாவின் மிளகு, துணி, இலங்கையின் கறுவா, கோப்பி, தேயிலை எல்லாம் லண்டனுக்கு வந்தது இந்த ஆற்றின் வழியாகத்தான்.

ரவர் பிரிட்ஜில் தொடங்கி ஆற்றின் வடகரையோடு ஈஸ்ற் இந்தியா டொக் வரை போனால் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர். ஆறுதலாக நடந்தால் ஒரு பகல் போதும். ஈஸ்ற்ஹாம் பக்கம் இருப்பவர்கள் டிஸ்ரிக்ற் லைனில் ஏறினால் நேரே ரவர் ஹில்லில் இறங்கலாம்.

டொக் ஏன் தேவைப்பட்டது?

தேம்ஸ் பெருக்கும் வற்றும் உள்ள ஆறு. லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் நாளுக்கு இருமுறை ஏழு மீற்றர் வரை ஏறி இறங்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வரிக்குரிய சரக்குகளை இறக்கச் சட்டம் அனுமதித்த கரை மிகக் குறுகியது. கப்பல்கள் நடு ஆற்றில் வாரக்கணக்காகக் காத்து நின்றன. சிறு வள்ளங்களில் சரக்கை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவதற்குள் களவும் பெருகியது. 1798இல் வப்பிங்கில் ஆற்றுப் பொலிஸ் தொடங்கப்பட்டது இதனால்தான்.

வணிகர்கள் கண்ட வழி, கரையில் இருந்து உள்நோக்கிப் பெருங்குளங்களைத் தோண்டுவது. பெருக்கு நேரத்தில் கதவைத் திறந்து கப்பலை உள்ளே விட்டு மூடினால், ஆறு வற்றினாலும் உள்ளே நீர் குறையாது. குளத்தைச் சுற்றிக் களஞ்சியங்கள், களஞ்சியங்களைச் சுற்றி உயர்ந்த மதில். இதுவே டொக்.

சென் கதரின்ஸ் முதல் வப்பிங் வரை

ரவர் பிரிட்ஜின் அடியிலேயே இருப்பது சென் கதரின்ஸ் டொக். தோமஸ் ரெல்போர்ட் என்ற பொறியியலாளர் வடிவமைத்து 1828இல் திறக்கப்பட்டது. இன்று உல்லாசப் படகுகள் மிதக்கும் இந்த இடத்தில், 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய தேவாலயமும் ஆதுலர்சாலையும், 1,200க்கும் அதிகமான வீடுகளும் இருந்தன. அத்தனையும் இடிக்கப்பட்டன. 11,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். நட்டஈடு சொத்துக்காரருக்குக் கிடைத்தது, வாடகைக்கு இருந்த ஏழைகளுக்குக் கிடைக்கவில்லை. இடப்பெயர்வு என்றால் என்னவென்று அறிந்த எமக்கு இந்தக் கதை புதிதல்ல. நடுவே மணிக்கூட்டுக் கோபுரத்தோடு நிற்கும் ஐவரி ஹவுஸ், யானைத் தந்தம் வைத்த களஞ்சியம்.

கிழக்கே நடந்தால் வப்பிங் வரும். கல் பதித்த குறுகிய தெருவின் இருபுறமும் பழைய களஞ்சியங்கள் இப்போது விலை உயர்ந்த குடியிருப்புகளாக மாறியுள்ளன. கட்டடங்களுக்கு இடையே ஆற்றுக்கு இறங்கும் கற்படிகளைக் கவனியுங்கள். மாலுமிகள் வள்ளம் ஏறிய படிகள் அவை. இப்பகுதியில்தான் கடற்கொள்ளையரைத் தூக்கிலிட்டார்கள். கப்டன் கிட் 1701இல் இங்கே தூக்கிலிடப்பட்டார். வப்பிங் நிலையத்துக்குக் கீழே இருக்கும் சுரங்கப்பாதை 1843இல் திறக்கப்பட்டது. கப்பல் ஓடும் ஆற்றுக்கு அடியில் உலகில் முதன்முதலாக அமைக்கப்பட்ட சுரங்கம் அது. அதனூடாக இன்றும் தொடருந்து ஓடுகிறது. அருகில் உள்ள ஒரு சிறு தெருவுக்குப் பெயர் சின்னமன் ஸ்ரீற், அதாவது கறுவாத் தெரு.

லைம்ஹவுஸ்: கரையில் விடப்பட்டவர்கள்

அடுத்து வருவது லைம்ஹவுஸ். சுண்ணாம்புச் சூளைகள் இருந்ததால் வந்த பெயர். கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள் ஆசியாவுக்குப் போகும்போது வெள்ளைக்கார மாலுமிகளில் பலர் நோயில் இறந்தார்கள், சிலர் கப்பலை விட்டு ஓடினார்கள். திரும்பி வர ஆள் போதாமல் ஆசியத் துறைமுகங்களில் மாலுமிகளைக் குறைந்த கூலிக்கு ஏற்றினார்கள். இவர்களை லஸ்கர் என்று அழைத்தார்கள். லண்டனில் இருந்து புறப்படும் கப்பலில் பெரும்பாலும் பிரித்தானிய மாலுமிகளே இருக்கவேண்டும் என்பது அன்றைய சட்டம். ஆகவே வரும்போது வேலை செய்தவனுக்குத் திரும்பும்போது வேலை இல்லை. மாதக்கணக்காகப் பலர் இங்கே தங்கினார்கள். குளிரிலும் பசியிலும் இறந்தவர்களும் உண்டு.

1857இல் வெஸ்ற் இந்தியா டொக் வீதியில் ஆசிய, ஆபிரிக்க மாலுமிகளுக்கென ஒரு தங்குமிடம் திறக்கப்பட்டது. 1937 வரை இயங்கியது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. பிரித்தானியாவில் ஆசியர் வாழ்வு அண்மையில் தொடங்கியது என்று எண்ணுபவர்கள் இந்த வீதியில் ஒரு நிமிடம் நின்று போகலாம்.

வெஸ்ற் இந்தியா கீ: சீனியும் அடிமைகளும்

1802 ஓகஸ்டில் வெஸ்ற் இந்தியா டொக் திறக்கப்பட்டது. கரீபியத் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த சீனியும் றம்மும் இங்கே இறங்கின. இதனை உருவாக்குவதில் முன்னின்ற ரொபேர்ட் மிலிகன் 1809இல் இறந்தபோது, யமேக்காவில் அவரிடம் 526 அடிமைகள் இருந்தார்கள். களஞ்சியத்துக்கு முன்னால் நின்ற அவருடைய சிலை 2020 யூன் மாதம் அகற்றப்பட்டது. அந்தக் களஞ்சியம் இன்று டொக்லாண்ட்ஸ் அருங்காட்சியகம். அனுமதி இலவசம். சீனி, அடிமை வணிகம் பற்றிய பகுதியைப் பிள்ளைகளோடு கட்டாயம் பாருங்கள். தடித்த மரத்தூண்களும் தாழ்ந்த கூரையும் பழையபடியே இருக்கின்றன.

ஈஸ்ற் இந்தியா: கறுவா வந்த வழி

கடைசி இடம் ஈஸ்ற் இந்தியா டொக். 1806இல் கிழக்கிந்தியக் கப்பல்களுக்காகத் திறக்கப்பட்டது. பழைய மதிலின் பகுதிகள் இன்றும் நிற்கின்றன. வாயிற்குளம் பறவைகள் வாழும் இடமாகிவிட்டது. சுற்றியுள்ள தெருப்பெயர்களை வாசியுங்கள்: குளோவ் கிரெசென்ற், நட்மெக் லேன், சஃப்ரன் அவெனியூ, கொரியாண்டர் அவெனியூ. கராம்பு, சாதிக்காய், குங்குமப்பூ, கொத்தமல்லி. எங்கள் அடுக்களைப் போத்தல்கள் வரிசையாக நிற்பதுபோல் இருக்கும்.

1796இல் இலங்கையின் கரையோரத்தைக் கம்பனி ஒல்லாந்தரிடம் இருந்து பிடித்தபோது, அதனுடன் கறுவாவும் கைமாறியது. வெஸ்ற் இந்தியா டொக் திறந்த அதே 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாகியது. பின்னர் மலைகளில் கோப்பி வந்தது. அதற்காகத் தமிழகத்தில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம். நோயால் கோப்பி அழிய, தேயிலை வந்தது. அவர்கள் பறித்த கொழுந்து லண்டன் ஏலத்தில் விலைபோனது. அந்த ஏலம் 1998இல்தான் நின்றது.

கொள்கலன் கப்பல்கள் வந்ததும் இந்தக் குளங்கள் போதவில்லை. துறைமுகம் கடலை நோக்கி நகர்ந்தது. ஈஸ்ற் இந்தியா டொக் 1967இலும் வெஸ்ற் இந்தியா டொக் 1980இலும் மூடப்பட்டன. டி.எல்.ஆர் ஓடத் தொடங்கியது 1987இல். எமது குடும்பங்கள் பல அகதிகளாக இந்நகருக்கு வந்துசேர்ந்த காலமும் அதுதான்.

"நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்ற கேள்வியை எமது பிள்ளைகள் பாடசாலையில் இன்றும் கேட்கிறார்கள். போரும் 83உம் அதற்குரிய பதிலின் ஒரு பகுதி. எமது மண்ணின் விளைச்சலும் எம்மவரின் உழைப்பும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றுக்கு வரத் தொடங்கிவிட்டன என்பது மற்றப் பகுதி. அதைச் சொல்லிக் கொடுக்க இந்தச் சுவர்களும் தெருப்பெயர்களும் உதவும்.

புறப்படுமுன் ஆற்றின் வற்று நேரத்தைப் பாருங்கள். வப்பிங் படிகள் பாசி படிந்து வழுக்கும், பிள்ளைகளை மேலேயே நிறுத்துங்கள். கரையில் கிடக்கும் பழம்பொருட்களைத் தேடவோ எடுக்கவோ துறைமுக அதிகாரசபையின் அனுமதி வேண்டும். களைத்தால் எந்த இடத்திலும் டி.எல்.ஆர் ஏறலாம். மிச்சத்தை இன்னொரு சனிக்கிழமை நடக்கலாம்.