சட்டம் எழுதியவரும் நாவல் எழுதியவரும்

“பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும், ஆனால் நான் பெண்ணியவாதி இல்லை.” இப்படிச் சொல்லும் பெண்களை இன்று எல்லா இடத்திலும் சந்திக்கிறோம். அவர்கள் பக்கத்திலேயே அந்தச் சொல்லைப் பெருமையோடு சூடிக்கொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். முதலாமவர் காதில் அது குடும்பத்தைக் கலைக்கும் குரலாக விழுகிறது; இரண்டாமவர் காதில் வாசல் திறக்கும் ஓசையாக விழுகிறது. இந்தப் பிளவை இக்காலத்துக்குரியது என்று எண்ணுகிறோம். ‘பெண்ணியம்’ என்ற சொல் தமிழில் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே இரண்டு பெண்கள் இதன் இரு முனைகளில் நின்றிருக்கிறார்கள்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும். இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் வேற்றுமைதான் முதலில் கண்ணில் படும். நெருங்கிப் போனால் வேறு சில தெரியவரும்.

தேவதாசி முறை ஒழிய வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே உறுதி. யாரிடம் முறையிடுவது என்பதில்தான் பாதை பிரிகிறது. முத்துலட்சுமி அரசிடம் பேசினார். 1926-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். 1927-இல், சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் சடங்கான பொட்டுக்கட்டுதலுக்கு எதிரான தீர்மானத்தை அங்கே கொண்டுவந்தார். இராமாமிர்தம் ஊரிடம் பேசினார். மாயவரம் வட்டாரத்து மேடைகளில், பொட்டுக்கட்டக் காத்திருந்த குடும்பங்களை நேரே பார்த்து, அவர்களுடைய தமிழிலேயே பேசினார். முத்துலட்சுமியின் சட்டமன்ற அனுபவ நூலும் தன்வரலாறும் ஆங்கிலத்தில் வந்தன. இராமாமிர்தம் 1936-இல் எழுதிய நாவலின் பெயரைக் கேட்டாலே அது யாருக்காக எழுதப்பட்டது என்று புரிந்துவிடும்: ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’.

அந்தத் தலைப்பில் சற்று நிற்கலாம். முதல் பாதி பெண்ணைக் கடிகிறது; மறுபாதி ஆணைத் திருத்துகிறது. பரம்பரைச் சொத்தை அழிக்கும் செல்வந்த இளைஞன், அந்தக் காலத்து ‘மைனர்’, இங்கே மதி பெற வேண்டியவன். சட்டத்தின் மொழியில் இவனுக்கு இடமில்லை. சட்டம் பொட்டுக்கட்டும் சடங்கைத் தடுக்கும். சடங்குக்குப் பின்னால் பணப்பையோடு நிற்பவனைத் திருத்தாது. நாவல் அவனையும் கூண்டில் ஏற்றியது. நாவலால் ஒரு நிலப்பட்டாவைக்கூட மாற்ற முடியாது என்பதும் உண்மையே. முத்துலட்சுமி முன்னின்று கொண்டுவந்த 1929-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அதைச் செய்தது. கோயில் ஊழியத்துக்கு ஈடாகத் தாசிகள் அனுபவித்துவந்த இனாம் நிலங்களை அது ஊழியக் கட்டிலிருந்து விடுவித்து, அவர்கள் கையிலேயே விட்டது. கோயிலில் ஆடினால்தான் சோறு என்ற முடிச்சு அங்கே அவிழ்ந்தது. விடுதலைப் பேச்சுக்கு அடியில் வயிற்றுப்பாடு இருக்கிறது என்பதை அந்த மருத்துவர் நன்கு அறிந்திருந்தார்.

மதத்தைக் கையாண்ட விதத்தில் இருவரும் வெகுதூரம் விலகுகிறார்கள். ஆதியில் இந்தப் பெண்கள் தூய பக்தி வாழ்க்கை வாழ்ந்தவர்கள், பின்னாளில்தான் வழக்கம் கெட்டது என்பது முத்துலட்சுமி வாதத்தின் ஓர் இழை; கெட்டதைக் களைந்தால் மதம் தூய்மையாகும் என்று அவர் நம்பினார். காங்கிரஸில் தொடங்கிப் பெரியாரோடு சுயமரியாதை இயக்கத்துக்கு வந்த இராமாமிர்தமோ கோயிலையும் புரோகிதத்தையும் நோயின் வேராகவே கண்டார். முன்னவர் சீர்திருத்தவாதி, பின்னவர் புரட்சிக்காரர் என்று எழுதி முடித்துவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் நிறைவில்லை.

ஏனென்றால் இருவரும் ஒரே சமூகத்தின் பிள்ளைகள். முத்துலட்சுமி 1886-இல் பிறந்தவர். அவருடைய தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். முத்துலட்சுமிக்கு மூன்றாண்டு மூத்தவரான இராமாமிர்தமும் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்து, தாசி வீட்டில் வளர்ந்தவர். திருமணத்திலும் இருவருக்கும் ஒரே பிடிவாதம். சுந்தர ரெட்டியை மணக்கும்போது, தம்மைச் சமமாக மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையை முத்துலட்சுமி முன்வைத்தார். முதியவர் ஒருவருக்குத் தம்மைக் கட்டிவைக்க நடந்த ஏற்பாட்டை மறுத்து, தமக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையை இராமாமிர்தம் மணந்தார். சட்டத்துக்கும் நாவலுக்கும் முன்பே, தங்கள் வாழ்க்கையில் இருவரும் எழுதிய முதல் வரி இதுதான்.

தாசியாக்கப்பட்ட பெண்ணுக்கு இருவரும் காட்டிய எதிர்காலமும் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றாகவே இருக்கிறது: மணவாழ்க்கை. ஒருவர் அதைக் கற்பும் தாய்மையும் என்ற சொற்களால் நியாயப்படுத்தினார்; மற்றவர் சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணத்தை முன்வைத்தார். பாதைகள் வேறு, சென்று சேரும் வீடு ஒன்று. பெண்ணியம் குடும்பத்தைக் குலைக்கும் என்று இன்று அஞ்சுவோர் இதைக் கவனிக்கலாம். குடும்பத்துக்குள் நுழைய உரிமையில்லாமல் வைக்கப்பட்டிருந்த பெண்களுக்காக, அந்தக் கதவைத் தட்டியவர்கள் இவர்கள்.

இருவரும் சரியாகக் கேட்காத ஒரு குரலும் உண்டு. தடைச் சட்டத்தைத் தாசிகளில் ஒரு பிரிவினரே எதிர்த்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மா அவர்களில் ஒருவர். சொத்துரிமை, பெண் குழந்தையைத் தத்தெடுக்கும் உரிமை, கலை ஆகிய மூன்றும் தங்கள் கையைவிட்டுப் போகும் என்பது அவர்களுடைய அச்சம். அக்காலத்துக் குடும்பப் பெண்ணுக்கு இவற்றில் எதுவும் எளிதில் கிட்டாது என்பதை நினைத்தால் அந்த அச்சத்தின் எடை புரியும். அவர்களைப் பிற்போக்காளர் என்று ஒதுக்குவதும் சரியாகாது. பெண்கள் பாட இடமில்லாதிருந்த திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையில், பெண்களைத் திரட்டிப் பாட வைத்தவரும் இதே நாகரத்தினம்மாதான். விடுதலை கேட்ட இருவருக்கும் எதிரே, தம் பாணியில் விடுதலையைக் கைக்கொண்ட மூன்றாவது பெண் நின்றார். “எனக்காக நீங்கள் பேச வேண்டாம்” என்று இன்று பெண்ணியத்தை நோக்கிச் சொல்லும் பெண்களின் குரலில் நாகரத்தினம்மாவின் சாயலைக் கேட்கிறேன். பொட்டுக்கட்டும் சடங்கு ஒழிந்தே ஆக வேண்டியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பரதம் புதிய மேடைகளுக்கு ஏறியபோது அதைத் தலைமுறைகளாகக் காத்த குடும்பங்கள் பல கீழேயே நின்றுபோயின. அந்த இழப்பையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

கேட்காமல் விட்டதற்கு ஈடுபோலச் செயலில் இருவரும் தங்களை முழுதாகக் கொடுத்தார்கள். விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டுத் தம் வீட்டுக் கதவைத் தட்டிய தேவதாசிக் குலச் சிறுமியருக்காக முத்துலட்சுமி தொடங்கியதே அவ்வை இல்லம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. இராமாமிர்தம் 1938-இல், ஐம்பத்தைந்து வயதில், இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தே வந்தார்; அவ்வாண்டே சிறைக்கும் சென்றார். ஒருவர் கட்டடங்களை விட்டுச் சென்றார், மற்றவர் வழித்தடங்களை. முத்துலட்சுமி பதவியிலிருந்து விலகியதால் தேங்கிய தடைச் சட்டம் 1947-இல் நிறைவேறியபோது, மன்றத்தில் கேட்ட வாதத்துக்கும் மாயவரத்து மேடைப் பேச்சுக்கும் அதில் பங்கிருந்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் என்னால் சொல்ல இயலாது.

தமிழ்நாட்டு அரசு இருவரையும் நினைவுகூர்ந்த விதத்தில் இன்னொரு இணை இருக்கிறது. முத்துலட்சுமி பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடக்கிறது. கருவுற்ற ஏழைப் பெண்ணுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கிறது. இராமாமிர்தம் பெயரில் 1989-இல் வந்தது திருமண நிதியுதவித் திட்டம். பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. நிபந்தனை விதித்து மணந்தவர் பிரசவத்துக்கும், கட்டாய மணத்தை மறுத்தவர் கல்யாணத்துக்கும் பெயர் தந்தார்கள். பெண்ணை மனைவியாகவும் தாயாகவும் மட்டுமே காணும் பழைய பார்வை இந்தப் பெயர்சூட்டலில் ஒட்டிக்கொண்டதோ என்று நெடுநாள் எண்ணியதுண்டு.

2022-இல் ஒன்று மாறியது. திருமண உதவித் திட்டம், இராமாமிர்தம் பெயரைத் தாங்கியபடியே உயர்கல்வி உறுதித் திட்டமாக உருமாறி, ‘புதுமைப் பெண்’ என்ற பெயரில் அரசுப் பள்ளிகளில் படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரத் தொடங்கியது. புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரிக்குள் எதிர்ப்பை மீறி நுழைந்தவர் முத்துலட்சுமி; அவர் பெயர் இன்று பிரசவ வார்டில் ஒலிக்கிறது. கல்லூரிப் படிப்பே வாய்க்காதவர் இராமாமிர்தம். அவர் பெயரை மாணவிகள் கல்லூரி அலுவலகத்தில் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்று சொல்கிறார்கள்.