முனீர் அலியின் வார்ப்பு

கொன்ஸ்தாந்திநோபிள் வெற்றியைப் பேசாத மேடை நம்மிடம் இல்லை. 21 வயதுச் சுல்தான், தரைவழியே இழுத்துச் செல்லப்பட்ட கப்பல்கள், மதிலை உடைத்த பெரும் பீரங்கி என்று பேச்சு நீளும். ‘அந்தப் பீரங்கியச் செஞ்சது யாரு சேர்?’ என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டால்தான் நாம் கொஞ்சம் தயங்குவோம். செய்தவர் உர்பான். அவரை ஹங்கேரியர் என்கிறார் பைஸாந்திய வரலாற்றாசிரியர் டூக்காஸ். முதலில் பைஸாந்தியப் பேரரசரிடம் இருந்தவர். அங்கே ஊதியம் சரிவரக் கிடைக்காததால் சுல்தான் இரண்டாம் முஹம்மதிடம் வந்து சேர்ந்தார். இதை மறைக்கத் தேவையில்லை. அதன்பின் நடந்ததுதான் நாம் அறிய வேண்டிய வரலாறு.

வெற்றி கிடைத்து 11 ஆண்டுகள் கழித்து, 1464இல், அதே சுல்தானுக்கு இன்னொரு பெரும் பீரங்கி வார்க்கப்பட்டது. அதன் வாய் விளிம்பில் ஹிஜ்ரி 868 ரஜப் என்ற காலமும், வார்த்தவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. பெயர் முனீர் அலி. கூலிக்கு வந்த அறிவு 11 ஆண்டுக்குள் சொந்தக் கைக்கு வந்துவிட்டது.

அந்த வேலை எத்தகையது என்பதைப் பார்ப்போம். நீளம் 5 மீற்றருக்குச் சற்று மேல். எடை ஏறத்தாழ 17 தொன். குழலின் உள்விட்டம் 63 சென்ரிமீற்றருக்கும் மேல். இதை ஒரே வார்ப்பாக ஊற்றவில்லை. கல்லுண்டை இருக்கும் குழல் ஒன்று, வெடிமருந்து அறை ஒன்று என இரண்டாக வார்த்துத் திருகு மரையால் பொருத்தினார்கள். நெம்புகோல் செருகித் திருப்புவதற்கு விளிம்புகளில் பள்ளங்களும் உண்டு. பிரித்தால் கொண்டுபோவது இலேசு என்பது ஒரு காரணம்.

வார்ப்பறிந்தவருக்கு இன்னொரு காரணமும் தெரியும். மருந்தறையின் துளை ஒடுக்கம், சுவர் தடிப்பு. குழலின் துளை அகலம், சுவர் அதைவிட மெல்லியது. மெல்லிய இடம் முதலில் இறுகும், தடித்த இடம் பிந்தி இறுகும். பிந்தி இறுகும் இடத்துக்கு உருகிய உலோகம் போய்ச் சேராவிட்டால் உள்ளே பொள்ளல் விழும். பொள்ளல் விழுந்த பீரங்கி எதிரியைவிடத் தன் ஆட்களுக்கே ஆபத்து. இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் தடிப்பு ஓரளவு சீராக இருக்கும். அதோடு, வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை வீதமளவு சுருங்கும். 63 சென்ரிமீற்றரில் அது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். தனித்தனியே வார்த்த இரு துண்டுகளின் மரையும் பொருந்த வேண்டுமெண்டா இந்தச் சுருக்கத்தையும் மனதில் வைத்தே அச்சுச் செய்திருக்க வேண்டும்.

அடுத்தது உலோகம். செம்பு உருகுவதற்கு 1085 பாகை செல்சியஸ் வேண்டும். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடும், உறுதியும் கூடும். வெள்ளீயத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றினால் அது மணி வார்க்கும் உலோகம். கணீரென்று ஒலிக்கும், ஆனால் நொறுங்கும். ஒரே இரு உலோகங்கள்தான். அளவு மாறினால் ஒன்று மணி, மற்றது பீரங்கி.

இந்த அளவறிவு தோப்ஹானே வார்ப்புச்சாலையில் தலைமுறைகளாக நின்றது. அங்கே நடந்த ஒரு வார்ப்பை 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதியிருக்கிறார். வஸீர்களும் ஷெய்குமார்களும் வந்து நிற்பார்கள். திக்ரும் துஆவும் நடக்கும். கொதிக்கும் உலோகத்தில் பொன்னும் வெள்ளியும் போடுவார்கள். அதே குழம்பில் வெள்ளீயமும் போடப்பட்டது. பொன்னும் வெள்ளியும் ஸதகாவாகப் போனவை. பீரங்கியைத் தாங்கியது வெள்ளீயம். இந்த இரண்டையும் அந்தத் தொழிலாளர் குழப்பிக்கொள்ளவில்லை. நாம்தான் இன்று குழப்பிக்கொள்கிறோம்.

இங்கிலாந்தின் சசெக்ஸில் 1543இலேயே இரும்புப் பீரங்கியை ஒரே துண்டாக வார்த்துவிட்டார்கள். வார்ப்பிரும்புப் பீரங்கி வெண்கலப் பீரங்கியைவிடப் பாரம், வெடித்தால் முன்னறிவிப்பின்றிச் சிதறும். ஆனாலும் மிக மலிவு. மலிவானதால் எண்ணிக்கை பெருகியது, கல்லுண்டையின் இடத்தை இரும்புண்டை பிடித்தது. 1807இல் பிரித்தானியக் கப்பற்படை தார்தனல்ஸ் நீரிணைக்குள் நுழைந்தபோதோ, கல்லுண்டை எறியும் பழைய பெரும் பீரங்கிகள்தான் இன்னும் காவலில் இருந்தன. அவை கப்பல்களைத் தாக்கின, மாலுமிகளைக் கொன்றன. வார்ப்பு அவ்வளவு நல்ல வார்ப்பு. ஆயினும் மூன்றரை நூற்றாண்டாக அந்த இடத்தில் பழையதே நின்றது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1866இல் சுல்தான் அப்துல் அஸீஸ் முனீர் அலியின் பீரங்கியை விக்டோரியா மகாராணிக்கு அன்பளிப்பாக அனுப்பினார். இன்று அது இங்கிலாந்தின் நெல்சன் கோட்டையில் இருக்கிறது.

வெற்றியாளர்களின் பெயரை நாம் நன்றாகவே மனனம் செய்திருக்கிறோம். முனீர் அலியின் பெயரை நம் பிள்ளைகள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? அவர் பெயரோடு, ஏன் இரண்டு துண்டு, ஏன் பத்தில் ஒன்று என்ற கணக்கையும் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.