பயத்தோடு விற்ற மருந்து

1710-களில் லண்டனில் ‘ஓனானியா’ என்றொரு சிறு நூல் வந்தது. ஆசிரியர் பெயர் கிடையாது. சுயஇன்பம் செய்கிறவனுக்கு உடம்பு உருக்குலையும், பிள்ளை பிறக்காது, ஆயுள் குறையும் என்று பக்கத்துக்குப் பக்கம் மிரட்டியது. மிரண்டவர்கள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்களையும் சேர்த்து அடுத்தடுத்த பதிப்புகள் பருத்தன. கூடவே மருந்தும் விற்றார்கள்: வலுவூட்டும் டிங்சர் புட்டி 10 ஷில்லிங், பிள்ளைவரம் தரும் பொடி ஒரு பை 12 ஷில்லிங்.

1760-ல் லொசான் நகரத்து மருத்துவர் டிஸ்ஸோ இதையே மருத்துவ நூலாக எழுதிவிட்டார். ஒரு அவுன்ஸ் விந்து போவது 40 அவுன்ஸ் ரத்தம் போவதைவிட மோசம் என்பது அவர் கணக்கு. மனநல மருத்துவனான என்னிடம் வரும் பையன்கள் சொல்லும் கணக்கிலும் அந்த 40 வரும்: 40 துளி ரத்தம் சேர்ந்தால்தான் ஒரு துளி விந்து. டிஸ்ஸோவை அவர்கள் படித்ததில்லை. வீட்டுப் பெரியவர் யாராவது சொல்லியிருப்பார். சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளில் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை என்று போய்க் கடைசியில் நிற்பது சுக்கிலம், அதாவது விந்து. கடைசியாகத் தேறுவதுதான் விலையேறப்பெற்றது என்று மனசு தானாக முடிவுகட்டிக்கொள்கிறது. உண்மையில் விந்து நீரின் பெரும்பகுதியைச் சுரப்பவை விந்துப்பைகளும் ப்ராஸ்டேட் சுரப்பியும். போனது மறுபடி ஊறிவிடும். ரத்தம் குறைவதில்லை.

நான் இருப்பது திண்டுக்கல் பக்கத்தில். பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் எழுத்துக்கூட்டிப் படித்த சுவர் விளம்பரங்களில் பாதி இந்தப் பயத்தை விற்கும் தொழிலுடையவை. நரம்புத் தளர்ச்சியா, சொப்பன ஸ்கலிதமா, இளமையில் செய்த தவறா? மாதம் இன்ன தேதி, இன்ன ஊர், பஸ் நிலையம் எதிரே இன்ன லாட்ஜ், அறை எண். இரண்டு நாள் தங்கி லேகியமும் பஸ்பமும் கொடுத்துவிட்டு வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பாலின்பத் திறனைக் கூட்டும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என 1954-லேயே மத்திய அரசு சட்டம் இயற்றியிருந்தது. சுவர்கள் அதைக் கேட்கவில்லை. 1960-ல் மனநல மருத்துவர் என்.என்.விக் இந்தப் பயத்துக்கே ‘தாது நோய்க்குறி’ என்று பெயரிட்டார். சிறுநீரில் தாது, அதாவது விந்து, போகிறது என்று நம்பி, களைப்பும் மனச்சோர்வுமாக வந்து நிற்கும் இளைஞர்களை அவர் பார்த்திருந்தார். போனது விந்தல்ல, அவர்களின் நிம்மதி.

அந்தச் சுவர் விளம்பர நாட்களில் ஆபாசம் என்று பார்க்கக் கிடைத்தது குறைவு. பெட்டிக்கடையில் தாளில் சுற்றித் தரும் மஞ்சள் புத்தகம், காலைக் காட்சியில் நடுவே ஓட்டும் பிட்டு. 80-களில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து, வீட்டில் ஆள் இல்லாத இரவாகப் பார்த்து ஓட்டினார்கள். 2000-க்குப் பிறகு பிரவுசிங் சென்டரில் பலகைத் தடுப்பு போட்ட கேபின், மணிக்கு இவ்வளவு என்று காசு. ஒவ்வொன்றுக்கும் இடமும் பணமும் துணிச்சலும் வேண்டியிருந்தன. அவையே வேலியாக இருந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா கொட்டத் தொடங்கியதும் வேலி போனது. முடிவே இல்லாத புதுப்புதுப் படம், போர்வைக்குள். இதைச் சின்ன மாற்றம் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது வருகிறவர்களில் பலர் நரம்பைப் பற்றிக் கேட்பதில்லை. “மூளை போயிடுச்சா டாக்டர்?” என்கிறார்கள். டோபமைன் என்ற மூளை ரசாயனம் தீர்ந்துவிட்டதாக எந்த வீடியோவோ சொல்லியிருக்கும். 2014-ல் பெர்லினில் சிமோன் கூனும் யூர்கன் கல்லினாட்டும் 64 ஆண்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். வாரத்தில் அதிக நேரம் ஆபாசப் படம் பார்த்தவர்களுக்கு வலது காடேட் என்ற பகுதியில் சாம்பல் பொருள் குறைவாக இருந்தது. பார்த்ததால் குறைந்ததா, குறைவாக இருந்தவர்கள் அதிகம் பார்த்தார்களா என்பதை அந்த ஆய்வு சொல்லாது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் வலேரி வூன் குழுவினர், பாலியல் நடத்தையைக் கட்டுப்படுத்த முடியாமல் தவித்த 19 ஆண்களைச் சோதித்தார்கள். படத்தைக் காட்டியதும், போதைக்கு அடிமையானவர்களிடம் விழித்துக்கொள்ளும் அதே பகுதிகள் இவர்களிடமும் விழித்தன. வேண்டும் என்ற உந்துதல் மற்றவர்களைவிட அதிகம். பிடித்தம் மட்டும் அதிகமில்லை. நோயாளிகளுக்கு இதைச் சொல்லும்போது பலர் தலையசைக்கிறார்கள். “ஆமா டாக்டர், பிடிக்கிறதே இல்ல, ஆனா விரல் போகுது.”

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11-ல் ‘கட்டுப்பாடற்ற பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ கட்டுப்படுத்த முடியாமல் தொடர்ந்து, கடும் தவிப்போ, வேலை, உறவு போன்றவற்றில் பெரும் பாதிப்போ ஏற்பட வேண்டும். பாவம் செய்துவிட்டோம் என்ற தவிப்பு மட்டும் இருந்தால் அது நோய் அல்ல என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரியை அச்சடித்து ஒவ்வொரு கல்லூரி விடுதியிலும் ஒட்டலாம் என்று எனக்குத் தோன்றும்.

கல்யாண மாதங்களான தைக்கும் ஆவணிக்கும் முன்னால் என் அறையில் கூட்டம் கூடும். நாள் குறித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, மாப்பிள்ளைக்குத் தூக்கம் இல்லை. முதலிரவுப் பயத்தில் அட்ரினலின் ஏறினால் ஆணுறுப்பின் தசைகள் இறுகி ரத்தம் உள்ளே வராது. ஒரு முறை தவறினால் அடுத்த முறைக்கும் சேர்த்து அன்றே பயந்துவிடுகிறான். விடியற்காலையில் விறைப்பு வருகிறதா என்று முதலில் கேட்பேன். வருகிறது என்றால் ரத்தக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. வரவில்லை என்றால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். லேகியத்துக்கும் ஆன்லைன் கேப்ஸ்யூலுக்கும் பல மாதம் செலவழித்துவிட்டு, கவனிக்காத சர்க்கரையோடு வந்து உட்காருகிறவர்களையும் பார்க்கிறேன். இரவில் ஃபோனைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தூங்கச் சொல்கிறேன். பெண்ணிடம் பேசினாயா என்று கேட்டால், நிச்சயம் ஆன பிறகும் பத்து நிமிடம் தனியாகப் பேசியிருக்காதவர்கள் அதிகம்.